பருப்புக் களமும் ஏழு வாத்து முட்டைகளும்

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைன் வருகிற பிளக் பாயின்ட் இரண்டுதான். ஒன்றில் டிவி. இன்னொன்று சாமி ரூமில். டிவியைக் கழற்றினால் வீட்டில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள். அதனால் போன மாசி முழுக்கச் சிவன்மலை முருகன் படத்துக்குக் கீழே ஒரு இன்குபேட்டர் உட்கார்ந்திருந்தது. மேல்மூடியில் கண்ணாடி வைத்த பெட்டி. காலையில் பல் தேய்த்ததும் நான் போய் எட்டிப் பார்ப்பேன், சாப்பிட்டதும் பார்ப்பேன், களத்திலிருந்து வந்ததும் பார்ப்பேன். "ஏனுங்க, இதென்ன உத்தரவுப் பெட்டியா, இத்தன தடவ எட்டிப் பாக்கறீங்க" என்றாள் மனைவி. சிவன்மலையில் பக்தர் கனவில் ஆண்டவர் சொன்ன பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களே, அதைச் சொல்கிறாள். இந்தப் பெட்டியில் இருந்தவை ஏழு கூஸ் வாத்து முட்டைகள்.

எனக்குத் தொழில் காங்கயம் பக்கம் தேங்காய்க் களம். தேங்காய் வாங்கி, உடைத்து, காய வைத்து, பருப்பாக்கி மில்லுக்கு அனுப்புவது. களம் என்றால் தெரியும்தானே, நாலு பக்கமும் திறந்து கிடக்கும். ராத்திரியில் பருப்பு மூட்டை கிடக்கும்போது நாய் வளர்த்தால் அதுவும் தூங்கிப் போகிறது. அதனால்தான் மூன்று வருடம் முன்பு ஒரு ஆண், இரண்டு பெட்டை என்று கூஸ் வாத்து வாங்கி விட்டேன். மூக்குக்கு மேல் ஆரஞ்சு நிறக் குமிழ் வைத்த வெள்ளை வாத்து, சீன இனம். வாத்து இருந்தால் பாம்பு வராது என்று ஊரே சொல்லும். அது பாம்பைத் தின்று நான் பார்த்ததில்லை, அது புல் தின்னி. ஆனால் பாம்போ ஆளோ, புதிதாக எது வந்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஊரைக் கூட்டிவிடும். எனக்கு அது போதும்.

போன மார்கழியில் தெருநாய்கள் வேலி தாண்டி வந்து ஒரு பெட்டையைக் கடித்துக் கொன்றுவிட்டன. தொட்டி, அதாவது சிரட்டைக் குவியலுக்குப் பின்னால் சாக்குப் போட்டு முட்டை வைத்துக்கொண்டிருந்த பெட்டை. அவயத்தில், அதாவது அடைகாக்க உட்கார இன்னும் ஆரம்பிக்கவில்லை. விடியற்காலை நான் போனபோது ஆண் வாத்து அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தது. சாக்குக்கு அடியில் ஆறு முட்டை.

அவயக் கோழிக்கு வைக்கலாம் என்றார் அம்மா. யோசனை தப்பில்லை, ஆனால் எங்கள் கோழி ஒன்றும் அப்போது அவயத்தில் இல்லை. இருந்தாலும் நாட்டுக்கோழிக்கு இது பெரிய சோதனை. அதன் முட்டை நாற்பது கிராம் சொச்சம், இது நூற்று நாற்பது. அலகால் புரட்டிப் போட அதனால் முடியாது, நாம்தான் புரட்ட வேண்டும். கோழிக்குக் கணக்கு 21 நாள், கூஸ் வாத்துக்கு 28-லிருந்து 32. தன் கணக்கு முடிந்ததும் கோழி எழுந்து போய்விட்டால் யாரைப் போய்க் கேட்பது? சரி என்று ஆன்லைனில் இன்குபேட்டர் வாங்கினேன்.

முதல் தடவை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் பொரித்த கதையைத்தான் எழுதுகிறார்கள்.

பெட்டியோடு வந்த காகிதத்தில் தண்ணீர்த் தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. வாத்துதானே, தண்ணீர்ப் பறவை, ஈரம் நிறைய வேண்டியிருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஈரப்பத மீட்டர் 55 காட்டியது. ஆறில் நான்கு முட்டையில் கரு பிடித்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் நரம்பு தெரிந்தது, அப்புறம் உள்ளே இருட்டு நிறைந்தது, அசைவும் இருந்தது. 28 ஆயிற்று, 30 ஆயிற்று, 32 ஆயிற்று. ஒரு கீறல் இல்லை. 34-ம் நாள் நான்கையும் களத்துக்கு எடுத்துப் போய், வீட்டில் யாரும் பார்க்காமல், ஒவ்வொன்றாக உடைத்தேன். நான்கிலும் முழுக் குஞ்சு. இறகு முளைத்து, கால் விரலில் நகம் வரை வந்திருந்தது. உடைத்ததும் தண்ணீர் ஒழுகியது. காற்று இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழ அளவு கூட இடமில்லை. மூச்சு விடத் தொடங்குகிற நேரத்தில் மூழ்கிச் செத்திருக்கின்றன.

களத்தில் இருபது வருடம் நிற்கிறவன் நான். உடைத்த தேங்காயில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் பருப்பு. காயாத பருப்பை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டையும் காய வேண்டிய பொருள் என்று மட்டும் அந்த நான்கு குஞ்சும் செத்த பிறகுதான் உறைத்தது. ஓட்டில் ஆயிரக்கணக்கான கண்ணுக்குத் தெரியாத துளை. அதன் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, தடித்த முனையில் காற்றறை பெரிதாகிறது. கடைசியில் குஞ்சு அந்த அறைக்குள் அலகை நீட்டி முதல் மூச்சு இழுக்கிறது. அறை இல்லையென்றால் மூச்சும் இல்லை. கூஸ் வாத்து முட்டை, குஞ்சு கொத்துவதற்குள் தன் எடையில் சுமார் 14, 15 சதவீதம் இழந்திருக்க வேண்டும்.

மீட்டர் 55-தானே காட்டியது என்று அடுத்த சந்தேகம். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, செலவு ஒரு பைசா இல்லை. ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி ஆக்குங்கள். கரைந்துவிடக் கூடாது, ஈர உப்பாகவே இருக்க வேண்டும். அதையும் மீட்டரையும் இறுக்கமாக மூடுகிற டப்பாவுக்குள் ஒட்டுக்கா வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஈர உப்புக்கு மேலே இருக்கிற காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம், இது மாறாது. காலையில் என் மீட்டர் காட்டியது 66. அதாவது ஒன்பது குறைவாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் 55 என்று நம்பியது 64. அன்றைக்கு அந்த மீட்டரை வீசவில்லை, பக்கத்தில் '+9' என்று மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மிச்சமிருந்த பெட்டை முட்டையிட்டுக்கொண்டேதான் இருந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எடுக்க எடுக்க வைக்கும். இரண்டு வாரத்துக்குள் கிடைத்த ஏழு முட்டையை மாசி பிறந்து வைத்தேன். அதற்கு மேல் பழையதானால் பொரிக்கிற வாய்ப்புக் குறையும். அழுக்கான முட்டையைக் கழுவவில்லை, காய்ந்த துணியால் துடைத்ததோடு சரி. ஓட்டின் மேலிருக்கிற மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

இந்த முறை தராசுதான் வாத்தியார். சமையலறைத் தராசை எடுத்ததற்கு வீட்டில் தனிச் சண்டை. ஒன்பதாவது படிக்கிற மகள் ஒவ்வொரு முட்டைக்கும் பென்சிலால் நம்பர் போட்டு, ஒரு பக்கம் வட்டம், மறு பக்கம் பெருக்கல் குறி வரைந்து, கணக்கு நோட்டில் கோடு கிழித்தாள். நாலாம் நம்பர் முட்டை 138 கிராம். 27 நாளில் 19 கிராம் போக வேண்டும், ஐந்து நாளைக்கு மூன்றரை கிராம். ஐந்தாம் நாள் 135. கொஞ்சம் மெதுவு. தண்ணீர்த் தட்டைப் பாதியாகக் குறைத்தேன். பத்தாம் நாள் 131. சரி, அப்படியே போகட்டும். பதினைந்தில் 127, இருபதில் 123. மாசிக் காற்று எங்கள் பக்கம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், உதடு வெடிக்கும். அந்தக் காற்றில் சில நாள் தட்டில் தண்ணீரே வேண்டியிருக்கவில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்புக்குள் வைக்கிறவர்களுக்கு இதே கணக்கு ஒத்துவராது. அதனால்தான் ஈரப்பதம் எத்தனை என்று என்னிடம் கேட்காதீர்கள், தராசைக் கேளுங்கள் என்கிறேன். காகிதத்தில் பார்த்தால் 50-லிருந்து 55, வெப்பம் 37.5, உள்ளே ஃபேன் இருக்கிற பெட்டிக்கு.

புரட்டுவது என் வேலை. பெட்டியில் தானாகப் புரட்டுகிற தட்டு உண்டு, ஆனால் அது கோழி முட்டைக்குச் செய்தது. வாத்து முட்டை அதில் உட்காராது. கழற்றிப் போட்டுவிட்டு, முட்டைகளைப் படுக்க வைத்து, கையால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை. வட்டம் மேலே, அடுத்தது பெருக்கல் மேலே. ஐந்து என்று ஒற்றைப்படையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ராத்திரி நீண்ட நேரம் ஒரே பக்கம் கிடக்கும், அந்தப் பக்கம் தினமும் மாறி வரும். ஒரு நாள் ஈரோட்டில் உறவுக்காரர் கல்யாணம். மதியப் புரட்டலுக்காகப் பந்தியில் பாயசத்துக்கு நிற்காமல் கிளம்பி வந்தேன். மாமனார் வீட்டில் இதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பத்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை பதினைந்து நிமிடம் மூடியைத் திறந்து ஆற விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் தெளித்து மூடினேன். தாய் வாத்து தினமும் ஒரு தடவை எழுந்து போய் மேய்ந்து, தண்ணீரில் முங்கி, ஈர வயிற்றோடு வந்து உட்காரும், அதற்குப் பதிலாக. இத்தனை எழுதிவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறாயே என்று கேட்பீர்கள். எனக்கும் அதே பயம்தான். தெளித்தது கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடுகிறது, நோட்டில் எடை இறங்கிக்கொண்டேதான் வந்தது.

எட்டாம் நாள் ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சில் பார்த்தோம். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உள்ளங்கையைக் குழலாகச் சுருட்டி, டார்ச்சை முட்டையின் தடித்த முனையில் ஒட்டி வைத்தால் முட்டை முழுக்கப் பப்பாளிப்பழ நிறத்தில் எரியும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அது கண். அதைச் சுற்றி ஆலமர வேர் மாதிரி சிவப்பு நரம்புகள் ஓட்டின் உள்பக்கமெல்லாம் பரவிக் கிடக்கும். அசையாமல் பிடித்தால் அந்தப் புள்ளி மெதுவாக ஆடும். தூளியில் ஆடுகிற மாதிரி. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் நம்பர் வெறும் மஞ்சள், கூமுட்டை. ஆறாம் நம்பரில் நரம்பு இல்லை, ஒரு சிவப்பு வளையம் மட்டும். கரு பிடித்து, நின்றுபோனது. இரண்டையும் எடுத்துவிட்டோம். விட்டால் உள்ளேயே அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும்.

அம்மா இதற்கெல்லாம் பக்கத்தில் வரவில்லை. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் இன்குபேட்டர் மேல் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, மூன்று வரமிளகாய். இடி இடித்தால் அவய முட்டை கெட்டுப்போகும் என்று கூடையில் போடுவது வழக்கம். "மாசில ஏதும்மா இடி" என்றேன். "வராதுன்னு நீ எழுதிக் குடுக்கறயாடா சாமி" என்றார். ஆணி அங்கேயே இருந்தது. காற்றோட்டத் துளையை அடைத்துக்கொண்டிருந்த மிளகாயை மட்டும் ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

இடி வரவில்லை, மின்தடை வந்தது. பத்தொன்பதாம் நாள், மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து. முன்னாடியே அறிவித்திருந்தார்கள், நான்தான் பேப்பர் பார்க்கவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வயது ஐந்து, இரண்டரை மணிக்குக் கீச்சிட்டு அணைந்தது. வீட்டிலிருந்த பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் பெட்டியைப் போர்த்தி, ஓரத்தில் சுடுதண்ணீர் பாட்டில் இரண்டு வைத்தோம். கரண்ட் வந்தபோது உள்ளே 31. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆனால் பாதி தாண்டிய முட்டை தானே கொஞ்சம் சூடு உண்டாக்கும், சில மணி நேரம் குளிர்ந்தால் தாங்கும். தாங்காதது அதிகச் சூடு. பங்குனி நெருங்க நெருங்க மொட்டை மாடி ரூமில் மதியம் 38 போகிறது. இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சித்திரையில் எங்கள் பக்கம் யாராவது முட்டை வைப்பதாக இருந்தால் ஓட்டு வீட்டில் வையுங்கள், இல்லையென்றால் வைக்காமலே இருங்கள். எங்கள் சாமி ரூமுக்கு ஓட்டுக் கூரை. முருகன் காப்பாற்றினார் என்று அம்மா சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இருபத்தேழாம் நாள் நாலாம் நம்பர் 119. புரட்டுவதை நிறுத்தி, இப்போது தண்ணீர்த் தட்டை நிரப்பி, ஈரத்துணியும் வைத்து 75-க்கு ஏற்றினேன். இத்தனை நாள் காய வைத்தது போதும், இனி ஓட்டுக்கடியில் இருக்கிற ஜவ்வு காய்ந்தால் குஞ்சு மேல் ஒட்டிக்கொள்ளும்.

இருபத்தொன்பதாம் நாள் பொழுதோட விளக்கேற்ற வந்த மனைவி அங்கிருந்தே கூப்பிட்டாள். பெட்டிக்குள்ளிருந்து சத்தம். கீச் என்றும் இல்லை, தவளை மாதிரியும் இல்லை, ஈரமான ஒரு குரல். அவள் பேசினால் நின்றது, நிறுத்தினால் திரும்பக் கேட்டது. மறுநாள் காலை மூன்று முட்டையில் கீறல். அப்புறம் காத்திருப்பு. கூஸ் வாத்துக்குக் கீறலிலிருந்து வெளியே வர ஒரு நாளைக்கு மேல் கூட ஆகும். மூடியைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்று நான் காவல் உட்கார்ந்தேன். "பாவமுங்க, கொஞ்சம் உடைச்சு விடுங்க" என்று எல்லாரும் மாறி மாறிச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஜவ்வின் நரம்பில் இன்னும் ரத்தம் ஓடும், மஞ்சள் கரு முழுதாக வயிற்றுக்குள் போயிருக்காது. உதவி செய்கிறேன் என்று கொன்றுவிடுவோம். முதல் குஞ்சு இருபத்தாறு மணி நேரம் எடுத்தது. கொத்தும், தூங்கும், கொத்தும். கடைசியில் வட்டமாகச் சுற்றி வெட்டிக்கொண்டு மூடியைத் தள்ளியது, டப்பா திறக்கிற மாதிரி. நனைந்த கோரைப்புல் போல ஒன்று வெளியே விழுந்து, அரை நாளில் மஞ்சள் பஞ்சாகிவிட்டது. பின்னாலேயே இரண்டு.

நாலாம் நம்பர் தப்பான முனையில், சின்ன முனையில், கொத்தியிருந்தது. முப்பது மணி நேரமாகியும் அதே ஓட்டைதான். ஜவ்வு வெங்காயத் தோல் மாதிரி காய்ந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி, ஓட்டைக் கடுகளவு கடுகளவாக எடுத்தேன். ஒரு இடத்தில் ரத்தம் துளிர்த்தது. அதே நொடி நிறுத்தி, உள்ளே வைத்து மூடிவிட்டேன். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி கொஞ்சம். விடியற்காலை நாலு மணிக்கு அதுவே உதைத்துக்கொண்டு வெளியே வந்தது. எடை 94. ஏழாம் நம்பர் கொத்தவேயில்லை. பின்னால் உடைத்துப் பார்த்ததில் தலை இறக்கைக்கு வெளியே தப்பாகத் திரும்பியிருந்தது. அதில் தண்ணீர் இல்லை, காற்றறை சரியாகவே இருந்தது. அதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

நாலாம் நம்பருக்குக் கால் இரண்டும் அகன்று சறுக்கியது. என் தப்பு, அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்திருந்தேன், வழுக்கும். சாக்கு மாற்றி, கால் இரண்டையும் பேண்டேஜ் துணியால் சேர்த்துத் தளர்வாகக் கட்டி விட்டதில் மூன்று நாளில் நிமிர்ந்துவிட்டது. தீவனம் கோழிக்குஞ்சுத் தீவனம், பொடியாக நறுக்கிய அருகம்புல், பி காம்ப்ளெக்ஸ். வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சை விட நியாசின் என்கிற பி வைட்டமின் அதிகம் வேண்டும், இல்லையென்றால் கால் வளையும். குடிக்கிற தண்ணீர் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வையுங்கள். தாய் இல்லாத குஞ்சுக்கு இறகில் எண்ணெய்ப் பூச்சு இருக்காது, நனைந்தால் விறைத்துவிடும்.

பொரிந்த குஞ்சு முதலில் பார்க்கிறதைத் தாயென்று நம்பும் என்பார்கள். 1973-ல் நோபல் பரிசு வாங்கிய கான்ராட் லோரன்ஸ் பின்னால் சாம்பல் வாத்துக்குஞ்சுகள் வரிசையாக நடந்து போகும் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதவி எனக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். விடியால நாலு மணிக்கு விழித்திருந்தது நான். ஆனால் நான்கும் போவது அம்மா பின்னால். அவர் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பாத்திரம் கழுவினால் அங்கே, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டினால் அங்கே. வெளியே வந்த முதல் நாள் அரிசி புடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது அவர்தான்.

எட்டாம் நாள் களத்துக்குக் கொண்டுபோய்க் கொடாப்புக்குள், கோழி கவிழ்க்கிற கூடைக்குள், வைத்துக் காட்டினோம். ஆண் வாத்து தலையைத் தாழ்த்திக்கொண்டு சீறியது. குஞ்சுகள் மேல் என்று பயந்தேன். இல்லை, எங்களைப் பார்த்து. அன்று ராத்திரி கொடாப்பை ஒட்டியே நின்றது. மூன்றாம் நாள் திறந்து விட்டேன், அதுவும் பெட்டையும் இரண்டு பக்கமும் நடக்க, குஞ்சுகள் நடுவில் போயின.

இப்போது மூன்று வாரம். சமையலறைத் தராசில் நிற்பதில்லை, மனைவி விடுவதுமில்லை. நேற்று மூட்டை போடுகிற களத்துத் தராசில் நாலாம் நம்பரைத் தூக்கி வைத்தேன். முள் நிற்பதற்குள் பேதி போட்டுவிட்டுக் குதித்து, காய்கிற பருப்பு மேல் ஏறி நடுக்களத்துக்கு ஓடிவிட்டது, பின்னால் மற்ற மூன்றும். "ஏனுங்ணா, பருப்பு மேல நடக்குதுங்கோ" என்று துடைப்பத்தோடு வந்த அக்காவை ஆண் வாத்து பம்ப் ரூம் வரைக்கும் துரத்தியது.